ஐம்பத்திரண்டாவது மாடியில் தெற்குக் கதவு

அந்த ஓட்டலில் எனக்குக் கிடைத்த இடம் இரண்டு கட்டில்களுக்கு நடுவே. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் சித்தப்பா, நடுவில் வரப்பு போட்ட மாதிரி ஒரு எக்ஸ்ட்ரா பெட்டில் நான். ஐம்பத்திரண்டாவது மாடி. கால்மாட்டில் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அதற்கு வெளியே ஒரு சீன நகரம் எங்கள் கண்முன்னாலேயே வளர்ந்துகொண்டிருந்தது. எங்கே திரும்பினாலும் கிரேன். இப்படி ஒரு அறையை நான் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே நான் படுத்திருந்தது ஒரே காரியத்துக்காக. அப்பா சித்தப்பாவின் வலது கையை ஒடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒடிப்பேன் என்று அப்பா ஊர் பார்க்கச் சொல்லியிருந்தார்.

டெல்டாவில் கடலோரம் பார்த்த ஊர்க்காரர்களுக்குப் புயலின் குணம் தெரியும். முதலில் வடக்கேயிருந்து அடிக்கும். அப்போது வடக்குக் கதவை அடைத்துவிட்டுத் தெற்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். உள்ளே புகுந்த காற்றுக்குப் போக வழி விடாவிட்டால் அது கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நடுவில் கொஞ்ச நேரம் காற்று செத்துக் கிடக்கும். நம்பி வெளியே போனவன் செத்தான். அடுத்து தெற்கேயிருந்து திரும்பி வந்து அடிக்கும். அப்போது கதவை மாற்ற வேண்டும். கட்டடப் பொறியாளர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, எங்கள் தெருவில் இது சட்டம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்ட புயலில், வடக்குக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றது அப்பா. தெற்குக் கதவு சித்தப்பாவின் பொறுப்பு. அது திறக்கவில்லை. கூரை எழுந்தது. அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பக்கத்து வீட்டுத் தென்னைகளை வெட்டிக்கொண்டு போயின. உத்திரக்கட்டை அப்பாவின் தோளில் இறங்கியது. கொட்டகைச் சுவர் சினை மாட்டின் மேல் சாய்ந்தது. என்னை உரலுக்கும் சுவருக்கும் நடுவே திணித்து, மேலே அம்மா கவிழ்ந்து படுத்திருந்தார். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தாழ்ப்பாள் இறுகிப்போச்சு" என்பது சித்தப்பாவின் கட்சி. "கட்டிலுக்கு அடியில கெடந்தான்" என்பது அப்பாவின் கட்சி.

வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்க முடியாத ஒன்று இருந்தது: இருவர் பெயரிலும் சேர்ந்து வாங்கிய அறுவடை இயந்திரம். பெல்ட் வண்டி என்போம். சேற்றிலும் இறங்கும் சீனத்து வண்டி. தாத்தா அரிவாளோடு கூலிக்கு அறுத்த அதே வயல்களில் அவருடைய பிள்ளைகள் சொந்த வண்டியை இறக்கினார்கள் என்பது எங்கள் தெருவுக்கே பெருமை. அதனால் அதை விற்கவும் மனசில்லை. அப்பா ஆள் பிடித்து வயல் பேசுவார். சித்தப்பா ஓட்டுவார். வாய்ப்பேச்சு கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான் போகும்.

"டேய், உங்க சித்தப்பன்ட்ட சொல்லு, நாளைக்கு மேலத்தெரு வயல்னு."

"உங்க அப்பாகிட்ட சொல்லு, அது இன்னும் பச்சையா இருக்குன்னு."

மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் நின்றுகொண்டிருப்போம்.

போன கோடையில் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் மதகடியில் முட்டிக்கொண்டது. யார் வயலுக்கு முதலில் திருப்புவது என்பதுதான் பேச்சு. அப்பா மண்வெட்டிக் காம்பால் சித்தப்பாவின் முதுகில் வைத்தார். சித்தப்பா அப்பாவைச் சேற்றில் அமுக்கிக் காதைக் கடித்தார். புதுத்தண்ணீர் சிவப்பாக ஓடியது. நாலு பேர் வந்து பிரித்தபோது, வாயில் சேறோடு அப்பா கத்தினார்: "அன்னைக்குக் கதவத் தொறக்காத கைடா அது! அந்தக் கைய ஒடிக்காம நான் சாவமாட்டேன்!"

ஊர் கேட்டுவிட்டது. இனி ஒடிக்காவிட்டால் அப்பாவுக்கு மரியாதை இல்லை. ஒடித்தால் சித்தப்பாவுக்குத் தொழில் இல்லை.

இந்த நிலைமையில்தான் டீலர் வந்து, பழைய வாடிக்கையாளர்களைச் சீனாவில் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப் போகிறோம், கம்பெனி செலவு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் வரலாம் என்றார். இருவர் பெயரிலும் இருந்தது. தான் போகாவிட்டால் மற்றவன் மட்டும் அனுபவிப்பானே என்று இரண்டு பேரும் பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர். வேடிக்கை இல்லை. எங்கள் வண்டியின் சின்னத்திரையில் வருவதெல்லாம் சீன எழுத்து. அது சிவப்பாக மின்னும்போது என்ன கேட்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எஞ்சினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்திருந்த நான், போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஆபத்து. நிறுத்து. சூடு அதிகம். தானியத் தொட்டி நிரம்பிவிட்டது. பின்னால் வருகிறது, கவனிக்கவும். என் சீனமொழி மொத்தமும் ஒரு வண்டியின் புலம்பல்தான். ஆனால் டீலருக்கு நான் பெரிய பண்டிதன்.

கிளம்பும்போது அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்துச் சொன்னார்: "ரெண்டு பேரையும் ரத்தம் வராம கூட்டியா. வேற ஒண்ணும் வாங்கியார வேணாம்."

அந்த இருவரையும் ஒரே அறையில் போட்டது டீலர். ஒரே இனிஷியல், ஒரே தெரு, அண்ணன் தம்பி. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துவிட்டார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். ஓட்டல் நிரம்பி வழிகிறது என்றார்கள். எக்ஸ்ட்ரா பெட் மட்டும் கிடைத்தது.

எனக்கோ கொண்டாட்டம். லிஃப்ட் கிளம்பியதும் காது அடைத்தது, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் டவுன் பஸ்ஸில் போகிற ஆளுக்கு அது போதாதா? சும்மாவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வரவேற்பறையே வானத்தில் இருந்தது. கக்கூஸ் மூடி ஆளைப் பார்த்ததும் தானே எழுந்து வணக்கம் சொன்னது. திரைச்சீலைக்கு ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு பொத்தான்.

அந்தப் பொத்தானில்தான் ஆரம்பித்தது. போய்ச் சேர்ந்த அன்று மத்தியானமே. அப்பா அமுக்கினார், திரை மூடியது. சித்தப்பா அமுக்கினார், திரை திறந்தது. தறி ஓடுகிற மாதிரி அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது.

"டேய், உங்க சித்தப்பன்ட்ட சொல்லு, வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு."

"உங்க அப்பாகிட்ட கேளு, அம்பத்திரண்டு மாடி ஏறி வந்தது தெரச்சீலையப் பாக்கவான்னு."

"வேடிக்க பாக்குறதுக்குன்னே பொறந்தவன். கூரை பறந்தப்பவும் வேடிக்கதான பாத்தான்!"

சித்தப்பா ஓட்டல் செருப்பைக் கழற்றி வீசினார். துணிச்செருப்பு, பாதி வழியிலேயே தளர்ந்து என் மடியில் விழுந்தது.

"செருப்பு எறியக்கூடத் துப்பில்ல பாரு" என்று அப்பா சிரித்தார்.

அடுத்து வந்தது டீ போடுகிற கெட்டில். அது குறி தப்பாமல், உத்திரம் இறங்கிய அப்பாவின் அதே தோளில் பட்டது. அப்பா என் கட்டிலை ஒரே தாவலில் தாண்டிப் போய்ச் சித்தப்பாவின் கழுத்தைப் பிடித்தார். சித்தப்பா முழங்காலால் வயிற்றில் குத்தினார். இரண்டு பேரும் வெள்ளைப் போர்வையோடு தரையில் உருண்டார்கள். அப்பாவின் கை சித்தப்பாவின் வலது மணிக்கட்டைத் தேடுவதை நான் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டது. பின்பக்கமாக முறுக்க ஆரம்பித்தது. நான் நடுவில் விழுந்தேன். யாருடைய முழங்கையோ என் உதட்டைப் பல்லோடு வைத்து நசுக்கியது.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். மூச்சிரைக்கக் கதவைத் திறந்தேன். வெளியே இடுப்புயரத்தில் வெள்ளை ரோபோ ஒன்று, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தது. சின்னப் பெண்பிள்ளைக் குரலில் ஏதோ சொன்னது.

"என்னடா கேக்குது?" என்றார் சித்தப்பா, தரையில் கிடந்தபடி.

"அதோட கதவத் தொறந்து தண்ணிய எடுத்துக்கச் சொல்லுது."

"யார்ட்ட வந்து கதவத் தொறக்கச் சொல்லுது பாரு!" என்றார் அப்பா.

சித்தப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார்.  கெட்டிலைவிட அந்தப் பேச்சுதான் பலமாகப் பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வீடியோ காலில் வந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "யாரு ரத்தம்டா அது?"

"என்னோடதும்மா."

"அப்ப சரி."

மறுநாள் காலை சாப்பாட்டு ஹாலில் பரிமாறும் பெண் மூன்றாவது தடவையாகக் கஞ்சி ஊற்ற வந்தபோது, போதும் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. "தானியத் தொட்டி நிரம்பிவிட்டது" என்றேன் சீனத்தில். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த ஊரில் எல்லாரும் சிரித்த கடைசி நேரம் அதுதான். ஹாலில் இருந்த அத்தனை போன்களும் ஒரே சமயத்தில் அலறின.

புயல் வருகிறது. தொழிற்சாலை மூடல். ரயில், படகு, பஸ் எல்லாம் நிறுத்தம். யாரும் வெளியே போகக் கூடாது, கண்ணாடியிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். டீலர் அறை அறையாக ஓடி ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே மாதிரி வேலையில் இறங்கினார்கள். அப்பா குளியல் தொட்டி, கெட்டில், கண்ணாடித் தம்ளர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். கரண்ட் போகும், மோட்டார் ஓடாது. சித்தப்பா பாஸ்போர்ட்டுகளைக் கேரி பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். உயரத்திலிருந்து ஒரு புயலைப் பார்க்க யாருக்குக் கிடைக்கும்?

நண்பகலிலேயே இருட்டிவிட்டது. எங்கள் அறை தெற்கு பார்த்தது. காற்று வடக்கேயிருந்து வந்ததால் முதலில் எங்கள் கண்ணாடியில் ஒரு துளிகூடப் படவில்லை. கட்டடத்தின் இரண்டு பக்கமும் மழை கிடையாகப் பாய்ந்து போனதைத்தான் பார்த்தேன், மதகைத் தூக்கியதும் வாய்க்கால் பாய்கிற மாதிரி. கீழே சாலையோர மரங்கள் வாழைத்தோப்பு சாய்வதுபோல வரிசையாகச் சாய்ந்தன. எதிர்க் கட்டடத்து உச்சியில் கிரேன் ஒன்று பிடி விட்டுப்போய் ராட்டினம் சுற்றியது. அதன் கொக்கி சுவரில் மோதும்போதெல்லாம் கான்கிரீட் உடைந்து கொட்டியது. விளம்பரப் பலகை ஒன்று தகரம் தகரமாகப் பிய்ந்து கிளம்பி, ஒரு தகரம் பக்கத்துக் கோபுரத்தின் கண்ணாடிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அங்கேயிருந்து ஒரு மெத்தை வெளியே வந்தது. வெள்ளையாக, மெதுவாகச் சுழன்று, எங்களைத் தாண்டிப் போனது. ஆள் இருந்தாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் புயல் பார்க்கும் ஆசை போய்விட்டது.

கட்டடம் முனக ஆரம்பித்தது. பழைய மாட்டு வண்டி பாரம் ஏறினால் முனகுமே, அந்தச் சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது. அலமாரியில் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. அறைக் கதவின் இடுக்கில் காற்று சங்கு ஊதியது. குளியலறையில் அப்பா பிடித்து வைத்த தண்ணீர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலையடித்துத் தரையில் வழிந்தது.

சித்தப்பா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வடக்கத்திக் காத்து" என்றார். "உள்ள பூந்துடுச்சு. தெக்க தொறந்துவிடணும்."

"சித்தப்பா, அது தொறக்குற கண்ணாடி இல்ல."

"தொறக்காத சன்னல எதுக்குடா வச்சான்?"

"இந்தக் கட்டடம் ஆடுற மாதிரிதான் கட்டியிருக்காங்க. வளைஞ்சு குடுக்கும், ஒண்ணும் ஆகாது."

"தென்னையுந்தான் வளைஞ்சு குடுக்கும். அன்னைக்கு நம்ம கொல்லையில ஒண்ணாச்சும் நின்னுச்சா?"

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உங்க சித்தப்பன்ட்ட சொல்லு. தொறக்க வேண்டிய அன்னைக்குத் தொறக்கல. இன்னைக்கு என்ன அவசரம்?"

 சித்தப்பா அறையை விட்டு வெளியே போனார். டீலரிடம் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில், நடைபாதைப் பெட்டியிலிருந்து பிடுங்கிய சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் இருந்தது.

நான் எழுவதற்குள் முதல் அடி விழுந்தது. கண்ணாடி 'டொம்' என்றது, சிலிண்டர் எகிறி அவரையே பின்னால் தள்ளியது. இரண்டாவது அடி ஒரு மூலையில். வெள்ளையாக ஒரு நட்சத்திரம் விழுந்தது. "நிறுத்து! ஆபத்து! நிறுத்து!" என்று நான் சீனத்தில் கத்தினேன். ஏன் சீனத்தில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டும்போது அவர் அதற்குத்தான் நிற்பார். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் ஒன்று விட்டார், பறந்துபோய்க் குளிர்பதனப் பெட்டியில் மோதி உட்கார்ந்தேன். மூன்றாவது அடியில், இரண்டு அடுக்கில் உட்பக்கக் கண்ணாடி மொத்தமும் பொரியாகக் கொட்டியது.

"தொறக்குறேன் பாரு!" என்று அவர் கத்தினார். எங்களிடம் இல்லை. கண்ணாடியிடம். "தொறக்குறேன் பாருடா!"

நான்காவது அடியில் வெளிக் கண்ணாடி கீழ்ப்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குப் போனது.

காற்று உள்ளே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அறை வெளியே போனது. அதுதான் பயங்கரம். காதுக்குள் யாரோ ஆணி அடித்த மாதிரி வலித்தது. தலையணை, செருப்பு, ரொட்டிப் பை எல்லாம் எழுந்து அந்த ஓட்டையை நோக்கி ஓடின. போர்வை பறந்து போனது. அந்த நீளத் திரைச்சீலை முழுசாக வெளியே உருவப்பட்டு, போகிற போக்கில் சித்தப்பாவின் கால்களைச் சுற்றிக்கொண்டது. அவர் விழுந்தார். கண்ணாடிப் பொரி மேல் வழுக்கிக்கொண்டு, கால் முதலில், ஓட்டையை நோக்கிப் போனார். கையில் சிலிண்டரை இன்னும் பிடித்திருந்தார்.

"டேய் தம்பி!"

ஊர்ப் புயலுக்குப் பிறகு அப்பா அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் கட்டிலைத் தாண்டி விழுந்து, எட்டியதைப் பிடித்தார். எட்டியது வலது கை. இரண்டு காலையும் மேசைக் காலில் முட்டுக்கொடுத்து, சேற்றில் இறங்கிய வண்டியைச் சங்கிலி போட்டு இழுப்பதுபோல, அந்தக் கையை மடக்கித் தன் பக்கம் இழுத்தார். சிலிண்டர் நழுவியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காய்ந்த மூங்கிலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"கைய விடுண்ணே! ஒடிஞ்சுபோச்சு, விடுண்ணே!"

"விடமாட்டேன்டா!"

விடவில்லை. ஒடிந்த அந்தக் கையைப் பிடித்தே, அவர் அலற அலற, கண்ணாடி மேலும் மெத்தை மேலும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். நான் தவழ்ந்து போய்க் கதவைச் சாத்தினேன். வழிந்த தண்ணீரில் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அது என்னுடையது மட்டுமில்லை.

காவலாளிகள் உள்ளே வந்தபோது அவர்கள் கண்டது என்ன? உடைந்த கண்ணாடி, ரத்தம், இன்னொருவனின் முறிந்த கையை விடாமல் பிடித்திருக்கும் ஒரு மனிதன். அவர்களிடம் நீளக் கம்பின் நுனியில் பிறை போல வளைந்த இரும்பு இருந்தது, வைக்கோல் அள்ளும் கவையை அகலமாக்கியது போல. அதை அப்பாவின் கழுத்துக்குக் கீழே கொடுத்து அவரைச் சுவரோடு வைத்து அழுத்தினார்கள். அப்பா காலை உதறினார். இன்னொரு கவை காலுக்கு வந்தது.

"எங்க அண்ணன விடுங்கடா!" என்று சித்தப்பா இடது கையால் ஒரு காவலாளியின் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கடிக்கப் போனார். அவரையும் குப்புறத் தள்ளினார்கள்.

சட்டென்று சத்தம் நின்றது. சங்கு நின்றது. ஹேங்கர்கள் நின்றன.

கவைக்குப் பின்னாலிருந்து அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "காத்து செத்துடுச்சு. இப்பத் தெக்கேருந்து வரும்டா. இந்த ரூம்தான் அடி வாங்கப்போவுது. எல்லாரையும் எறங்கச் சொல்லு."

காற்று திரும்பி வரும் என்பதற்கு எனக்கு எங்கே சீனம்? எங்கள் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பெண் குரல் சொல்லுமே, அதை அப்படியே சொன்னேன்: "பின்னால் வருகிறது, கவனிக்கவும்." கண்ணாடி ஓட்டையைக் காட்டினேன். மூத்த காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தலையாட்டினார். அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவரும் கடற்கரைக்காரர்தான். எங்கள் எல்லாரையும் வாரிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார்கள். மூன்று மாடி இறங்குவதற்குள் மேலே அந்த அறை வெடித்த சத்தம் கேட்டது.

கீழே கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். ஓட்டல் நர்ஸ் சித்தப்பாவின் கையைப் பலகை வைத்துக் கட்டினார். அப்பாவின் இரண்டு பக்கமும் காவலாளிகள். மேலாளர் பெண் தன் போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினார். கையை ஒடித்தது யார்? அடிதடி என்றால் போலீஸ்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தான் ஒடிச்சேன்" என்றார் போனுக்குள். "ஒடிப்பேன்னு சொல்லியிருந்தேன். ஒடிச்சுட்டேன்."

"அப்பா!"

"நீ சும்மா இர்றா. சொன்ன சொல்லு முடிஞ்சுது. இனிமே ஒடிக்க வேண்டியதில்ல. எழுதிக்கச் சொல்லு."

போன் அதைச் சீனமாக்கி இனிமையாக வாசித்தது. மேலாளரின் முகம் மாறியது. காவலாளி அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். சித்தப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்து, இடது கையால் போனை வாங்கினார்.

"அவரு சொல்றத நம்பாதீங்கம்மா. எதுவா இருந்தாலும் தான்தான் செஞ்சேன்னு சொல்லணும் அவருக்கு. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். கை மேல சிலிண்டர் விழுந்துச்சு. அவரு இழுக்கலன்னா நான் கீழ கெடந்திருப்பேன்."

"சிலிண்டராவது மண்ணாவது! எங் கைக்குத் தெரியாது? நான்தான்டா ஒடிச்சேன்!"

"உன்னால ஒரு வெண்டைக்காயக்கூட ஒடிக்க முடியாதுண்ணே!"

போன் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தது. வெண்டைக்காய் எப்படிப் போனதோ, மேலாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்தார். இவர்கள் உறவு என்ன என்று கேட்டார். அவர்கள் மொழியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனி வார்த்தை உண்டு, நம்மைப் போலவே. அது ஒன்றுதான் நான் வண்டியில் படிக்காத சீனம். சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுக் காவலாளிகளைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவின் கையை விட்டார்கள். கண்ணாடி விவகாரத்தை டீலரும் கம்பெனியும் எப்படி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு டீலர் எங்களோடு ஒரே லிஃப்டில் ஏறவில்லை.

மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பிய காலையில் சாப்பாட்டு ஹாலில் சித்தப்பா இடது கையில் கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு முட்டையைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முட்டையைப் பிடித்து, கையாலேயே நாலாகப் பிய்த்து அவர் தட்டில் போட்டார்.

"தின்னு. குறுவை அறுப்பு வருது. வண்டிய யாரு ஓட்டுவா?"

"நீ ஓட்டு. கைய ஒடிச்சவந்தான் ஓட்டணும்."

"அப்ப நான்தான் ஒடிச்சேன்னு ஒத்துக்க."

சித்தப்பா முட்டையை மென்றுகொண்டே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குறுவைக்கு அப்பாதான் ஓட்டினார். கேவலமாக ஓட்டினார். வரப்பை இடித்தார், தானியத் தொட்டி வழிந்ததைக் கவனிக்காமல் நெல்லைக் கொட்டிக்கொண்டே போனார். மாவுக்கட்டோடு சித்தப்பா வரப்பில் கூடவே ஓடிக்கொண்டு கத்தினார். "ரிவர்ஸ் எடுண்ணே! ரிவர்ஸ்! கண்ணு தெரியல?" "நீ வாய மூடுறா!" வண்டி பின்னால் வருகிறது, கவனிக்கவும் என்று சீனத்துப் பெண் வயல் முழுக்கக் கேட்கச் சொன்னாள். என் வழியாகப் பேச இப்போது யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு வேலை போய்விட்டது.

டீக்கடையில் கையைப் பார்த்து யார் கேட்டாலும் அப்பா முந்திக்கொள்வார்: "நான்தான் ஒடிச்சேன்." அடுத்த மூச்சில் சித்தப்பா: "சிலிண்டர் விழுந்துச்சுங்க." தாழ்ப்பாள் கதை போய் இந்தக் கதை வந்துவிட்டது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறது. பக்கத்தில் இருந்தவன் நீதானே, நீ சொல் என்று என்னைப் பிடிக்கிறார்கள்.

"சத்தம் மட்டுந்தாங்க கேட்டுச்சு" என்கிறேன்.